ஒரு கைப்பிடி உப்பின் எடை

1

தைப்பூசத்துக்குச் சாலையோரம் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரிப் பந்தல்களுக்கு நடுவேதான் நாங்கள் பினாங்கில் வந்து இறங்கினோம். தண்ணீர்மலைக்குப் போகிற காவடிக் கூட்டத்தில் டாக்சி நகரவில்லை. மூன்று வயது ஷெரின் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி புஷ்பம் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். எதற்கென்று தெரியாமலே சீன டாக்சிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

இந்த வருடம் பந்தல்களைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இன்னொரு காரணமும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது புஷ்பத்தைப் பற்றித்தான். "நல்லா இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு பூசைக்கு வருகிறாள். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் அடங்காதவை நிறைய நடந்துவிட்டன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தராசு, அழுத்தமானி, வெப்பமானி என்று எது வந்தாலும் அது உண்மை சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கருவி சரி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் உற்பத்திப் பிரிவில் அதைத் தொடுவார்கள். இது எதற்கு இங்கே என்றால், இந்தக் கதையில் ஒரு தராசு வருகிறது.

2

ஷெரின் ஆக்லாந்தில் மருந்தாளுநர். படிக்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மருமகன் அந்த ஊர்க்காரர், நல்ல மனிதர். பேரனுக்கு ஆறு வயது. தமிழில் அவனுக்குத் தெரிந்தது "தாத்தா" மட்டும். அதுவும் "டாட்டா" என்றுதான் வரும். திரையில் முகம் தெரிந்ததும் "டாட்டா" என்பான். வணக்கம் சொல்கிறானா விடை பெறுகிறானா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் குழப்பம் வரும். ஷெரினும் எங்களோடு தமிழில் ஆரம்பிப்பாள், மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். நான் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிடுவேன். புஷ்பம் மட்டும் தமிழிலேயே நிற்பாள். அதனால் தாயும் மகளும் பேசுவது வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டியா, தூங்கினியா, குளிரா என்பதோடு முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டு வருடத்துக்கு முன் ஷெரின் தானாகவே மீன் குழம்பு பற்றிக் கேட்டாள். அம்மா வைக்கிற மாதிரி வைத்துப் பார்த்தாளாம், வரவில்லையாம். புஷ்பத்துக்கு ஒரே சந்தோஷம். தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி உப்பு, அரை மூடி தேங்காய், டம்ளரில் கால்வாசி மல்லித்தூள்.

எதிர்முனையில் ஷெரின் தவித்துப் போனாள். அவள் ஊர் எலுமிச்சை ஆரஞ்சுப் பழம் அளவு இருக்குமாம். பினாங்கிலோ எங்கள் வீட்டுக்கு வருவது கோலிகுண்டு மாதிரி இருக்கிற கஸ்தூரி எலுமிச்சை. புஷ்பம் சொன்னது இரண்டும் இல்லை, தூத்துக்குடிச் சந்தையில் முப்பது வருடத்துக்கு முன் அவள் வாங்கிய எலுமிச்சை. கைப்பிடி என்றால் யார் கை? உப்பு என்றால் கல்லுப்பா, தூளா? ஒரே கரண்டியில் கல்லுப்பை அள்ளினால் இடையிடையே காற்று நிற்கும், எடை குறையும். தூள் உப்பு அடைத்துக்கொண்டு நிற்கும், எடை கூடும். மல்லித்தூளைத் தட்டி நிரப்பினால் ஒரு கணக்கு, சலித்து நிரப்பினால் வேறு கணக்கு. டம்ளரோ புஷ்பத்தின் கல்யாணச் சீரில் வந்தது. அதற்கு எத்தனை மில்லி என்று யாருக்கும் தெரியாது.

"பா, எல்லாத்தையும் கிராம்ல சொல்லுங்க. ப்ளீஸ். எனக்கு வெயிட் சொன்னாதான் புரியும்" என்றாள் ஷெரின்.

மருந்தை மில்லிகிராமில் எடுத்துக் கொடுக்கிற பெண் வேறு எப்படிக் கேட்பாள்? எனக்கு அவள் கேட்டது பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என் தொழிலில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மறுநாளே பாசாருக்குப் போய் ஒரு சமையல் தராசு வாங்கி வந்தேன். மேலே ஒரு கண்ணாடித் தட்டு, கீழே எண் தெரிகிற சின்னத் திரை. ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. வீட்டுச் சமையலுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

3

ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். பூசை முடிந்து திரும்பும்போது தெங்கிரி வாங்கி வருவேன். ஊரில் நாம் சீலா என்று சொல்கிற மீன்தான். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஒருவர் நின்றால் மற்றவர் ஒதுங்க வேண்டிய அளவுதான். தொலைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்து ஷெரினைக் கூப்பிடுவேன். எங்களுக்கு மதியம், அவளுக்குச் சாயங்காலம். புஷ்பம் எதை அள்ளினாலும் சட்டியில் போடுவதற்கு முன் கையை நீட்டச் சொல்வேன். அவள் தராசில் கொட்டுவாள், நான் எண்ணைப் படிப்பேன், ஷெரின் தட்டச்சு செய்துகொள்வாள்.

முதல் ஞாயிறு நன்றாகப் போனது. புஷ்பம் புதுப் பெண் மாதிரி வெட்கப்பட்டாள். "இதைப் போய் நிறுப்பாங்களா யாராவது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் தாயும் மகளும் பேசியது முந்தைய ஒரு வருடப் பேச்சைவிட அதிகம்.

ஒரு தடவை நிறுத்தது போதாது என்று நான்தான் சொன்னேன். எந்த அளவையும் பல முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் எங்கள் தொழிற்சாலை வழக்கம். அதனால் அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதே குழம்பு. புளி ஓரளவுக்கு ஒத்துப் போனது. உப்பு ஒத்துப் போகவில்லை. பதினைந்து கிராமில் ஆரம்பித்த கைப்பிடி அடுத்த வாரம் இருபதைத் தாண்டியது. அதற்கடுத்த வாரம் ஒன்பது. பிறகு ஒரு நாள் முப்பத்தொன்று.

"முப்பத்தொரு கிராம்" என்று நான் படித்தேன்.

ஷெரின் தட்டச்சு செய்யவில்லை. "பா, ஸ்கேல் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்கும் தராசு மேல்தான் சந்தேகம் வந்தது. அன்று குழம்பில் பாதி உப்பைத்தான் போட்டோம். அழைப்பு முடிந்ததும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆயிரத்து இரண்டு என்று காட்டியது. அந்த இரண்டு உறையின் எடை. கடிகார மின்கலம், நாணயங்கள், எடை அச்சிட்ட மருந்துப் பொட்டலம் என்று வீட்டில் எடை தெரிந்த எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். வெவ்வேறு மூலையில் வைத்துப் பார்த்தேன். மின்கலத்தை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் சரியான எண்ணே வந்தது. தொழிலில் இருந்த காலத்தில் கருவி சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். அன்று கருவியில் தவறில்லை என்று தெரிந்ததும் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டு ஜமீலா லிஃப்ட் பக்கத்தில் என்னை நிறுத்தினாள். அவள் கணவர் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த பெண், புஷ்பத்துக்குத் தங்கை மாதிரி. சொல்லலாமா வேண்டாமா என்று அவள் தயங்குவது தெரிந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க லா. அக்கா எனக்குக் குழம்பு கொண்டாந்து குடுப்பாங்க இல்ல, ஒரே நாள்ல மூணு வாட்டி வர்றாங்க. ஒவ்வொரு வாட்டியும் இப்பத்தான் இறக்குனேன்னு சொல்றாங்க. நான் ஒண்ணும் சொல்லல, வாங்கி வச்சுக்கிறேன். ஆனா உங்களுக்குத் தெரியணும்ல?"

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நோன்புப் பெருநாளுக்கு முன்னாலிருந்தே என்றாள். பாத்திரங்களையெல்லாம் கழுவி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால் அக்கா சங்கடப்படுவார் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறாள்.

4

புஷ்பத்திடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை. ஷெரினிடம் சொன்னேன். அவள் அழவில்லை. தனக்கு மூன்றாவது வாரமே சந்தேகம் வந்துவிட்டதாகச் சொன்னாள். மருந்துக் கடைக்கு வருகிற வயதானவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறாளாம். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நிறுத்த வேண்டாம், அம்மாவுக்கு அதுதான் சந்தோஷம் என்றாள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல அடுப்பு எரிந்தது. புஷ்பம் உப்பு டப்பாவில் கையை விட்டாள். நான் தராசை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"நீங்க நிறுத்துப் பாக்குறது உப்பையா, என்னையா?" என்று கேட்டாள்.

அலமாரியில் சாய்த்திருந்த தொலைபேசியில் ஷெரின் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும். கை அள்ளுது, ஆனா எவ்வளவுன்னு அதுக்குத் தெரியல. முன்னாடியெல்லாம் நான் வேற எதையாவது நினைச்சிட்டிருப்பேன், கை பாட்டுக்குப் போட்டுட்டு வந்துரும். இப்ப ஒவ்வொரு வாட்டியும் யோசிக்க வேண்டியிருக்கு. யோசிச்சா வர மாட்டேங்குது."

அப்போதுதான் எனக்குச் சிலது விளங்கியது. எங்கள் பங்குத் திருவிழாவுக்குப் பல வருடமாகச் சமையல் பொறுப்பு புஷ்பத்துடையது. முந்தைய வருடம் முட்டி வலி என்று சொல்லி அதை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். பங்குப் பெண்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சியும் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற நாட்களில் மின்தூக்கி பழுதானால் எட்டு மாடியும் படியேறி வருகிறவளுக்குத் திருவிழா சமயத்தில் மட்டும் முட்டி வலி வந்ததைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஊருக்கே போடுகிற சோற்றில் கை தப்பிவிடக் கூடாது என்று தானாகவே விலகியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் அத்தனை மாதம் அந்தப் பயத்தோடு என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறாள்.

அன்று சமைக்கவில்லை. ஜமீலா வீட்டுக் கடையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டோம். தொலைபேசியை அணைக்கும் முன் ஷெரின், "அம்மா" என்று கூப்பிட்டாள். புஷ்பம், "என்னடி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

5

அரசு மருத்துவமனையில் முதலில் தவறான வரிசையில் நின்றோம். எங்களுடையது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை. அதைப் பார்த்ததும் முகப்பில் இருந்த பெண் வேறு வரிசையைக் காட்டினாள். முப்பது வருடமாக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எங்களுக்கு இது நடக்கும். எனக்குப் பழகிவிட்டது. புஷ்பம் மட்டும் ஒவ்வொரு தடவையும், "நாம எந்த வரிசைங்க?" என்று கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள். அந்தக் கேள்வி நோயினால் வந்ததா, எப்போதும் கேட்கிறதுதானா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மருத்துவர் இளம் வயது மலாய்ப் பெண். மிகவும் பொறுமையாகப் பேசினார். இன்று என்ன தேதி என்று மலாயில் கேட்டார். எத்தனை என்று கேட்கிற "பெராப்பா" என்ற சொல் காதில் விழுந்ததும் புஷ்பம் கைப்பையைத் திறந்தாள். பாசாரில் மீன்காரனிடமும் காய்காரியிடமும் முப்பது வருடமாக அவள் கேட்டு வந்த சொல் அது. அவளுக்கு அதற்கு விலை என்ற ஒரே அர்த்தம்தான். "எதுக்குக் காசு கேக்கிறாங்க?" என்று என்னைப் பார்த்தாள். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைக் கூப்பிட்டார்கள். நான் உதவி செய்யக் கூடாது என்று அந்தத் தாதி மெல்லச் சொன்னாள்.

தேதி தெரியவில்லை. ஆனால் தவக்காலம் மூன்றாம் வாரம் என்று புஷ்பம் சொன்னாள். தாதி இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று விழித்தாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, சரிதான் என்றேன். மருத்துவர் சிரித்தார். இருந்தாலும் அவர் கையிலிருந்த தாளில் அந்த விடைக்கு இடம் இல்லை. வருடத்தை யோசித்து யோசித்துத் தவறாகச் சொன்னாள். நாற்காலி, வாழைப்பழம், சாவி என்று மூன்று சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது அவளுக்கு வாழைப்பழம் மட்டும் நினைவிருந்தது. மற்ற இரண்டும் என் நாக்கு நுனியில் நின்றன. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் தடுமாறிய இடத்தில் நான் கை கொடுக்காமல் இருந்தது அந்த அறையில்தான்.

ஆரம்ப நிலைதான் என்று மருத்துவர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். அது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், திரும்பக் கொண்டுவராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் படகுத்துறைப் பக்கம் போக வேண்டும் என்று புஷ்பம் கேட்டதால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். எதிர்க்கரை பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள்.

"ஷெரினுக்குச் சொன்ன கணக்கெல்லாம் தப்பாத்தானே இருக்கும்?" என்று அவள் கேட்டாள்.

முதல் நாள் நிறுத்தது சரியாக இருக்கலாம் என்றேன்.

"முதல் நாளும் கை சரியில்ல. நீங்க எதைப் போட்டாலும் சாப்பிடுறதனால தெரியல. எனக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கைதான் போச்சு. நாக்கு இன்னும் போகல. நீங்க போடுங்க, நான் சொல்றேன்."

6

அப்படித்தான் எங்கள் இரண்டாவது முயற்சி ஆரம்பித்தது. சமையல் என்னுடையது. புஷ்பம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் எல்லாவற்றையும் நிறுத்துப் போடுவேன். கொதித்ததும் கரண்டியில் எடுத்து அவள் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விடுவேன். அவள் நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். உப்பு தூக்கல் என்பாள், புளி முன்னால் நிற்கிறது என்பாள், மல்லி வேகவில்லை என்பாள். அடுத்த தடவை அதற்கேற்ப நான் கூட்டிக் குறைப்பேன். ஷெரின் அங்கே அதே எடையில் போட்டு அதே நேரத்தில் சமைப்பாள். தொலைபேசியில் இரண்டு சட்டியும் கொதிப்பது கேட்கும்.

ஒரு நாள் உப்பு பதினாறு கிராம் போட்டிருந்தேன். "ரெண்டு கல்லு கூடிப் போச்சு" என்றாள். அடுத்த வாரம் பதினாறு கிராம் நிறுத்து, அதிலிருந்து இரண்டே இரண்டு கல்லை எடுத்து வெளியே வைத்தேன். தராசு பதினாறிலிருந்து அசையவில்லை. அந்தக் குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சரி" என்றாள். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ நுட்பமான கருவிகளைக் கையாண்டவன் நான். அந்த உள்ளங்கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். கை பிசுபிசுவென்றிருக்கிறது, விடுங்கள் என்றாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் மீன் குழம்பு முடிந்துவிட்டது. தெங்கிரி அரைக் கிலோவுக்குப் புளி எவ்வளவு, தேங்காய் எவ்வளவு, மிளகாய்த்தூள் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கிடைத்தது. ஷெரினின் கணவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்று கேட்டதும் புஷ்பம் நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். அடுத்தது சொதி. அதற்கடுத்து கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்து என்று திட்டம் போட்டோம்.

சொதி பாதியில் நின்றுவிட்டது. உள்ளங்கையில் விட்டதை நக்கிப் பார்த்துவிட்டு எதற்கும் "சரி" என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள், "எத்தனை கிராம் போட்டேன் தெரியுமா?" என்று பேச்சுக் கொடுத்தேன். "எந்தக் கிராமம்? நாம போக வேண்டிய கிராமமா?" என்று கேட்டாள். பைத்தியக்காரத்தனமாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று அவளுக்கே உடனே தெரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுப்பைக் குறைக்கப் போகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன்.

7

கிறிஸ்துமஸுக்கு ஷெரின் வந்தாள். பேரனைத் தகப்பனோடு விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். அம்மாவோடு மட்டும் இருக்க வேண்டும் என்று சொல்லியே வந்தாள். புஷ்பம் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அதற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். "ஷெரின் வந்திருக்கா" என்று ஜமீலா வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். திரும்பவும் போய்ச் சொன்னாள். ஜமீலா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவள் மாதிரி சந்தோஷப்பட்டாள்.

ஷெரின் தமிழ் பேச மிகவும் முயன்றாள். சொல் வராத இடத்தில் ஆங்கிலத்தைத் தொடாமல் என்னைப் பார்த்து நிற்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு பெண்களுக்கும் இப்போது நான்தான் சொல் எடுத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் மீன் குழம்பு தானே வைப்பதாகச் சொன்னாள். நான் சமையலறைக்குள் வரக் கூடாது என்றாள். சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றிலும் நிறுத்து வைத்தாள். புளி, மிளகாய், மல்லி, மஞ்சள், அரைத்த தேங்காய். அம்மாவுக்குப் புளித்தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் உப்புப் போட வேண்டும். அதனால் உப்புக் கிண்ணத்தை மட்டும் அடுப்பு மேடையின் ஓரத்தில் தள்ளி வைத்தாள். புஷ்பம் தன் நாற்காலியில் உட்கார்ந்து மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றைப் போடும்போதும் ஷெரின் சொல்லிச் சொல்லிப் போட்டாள். "அம்மா, இப்ப புளி. அம்மா, இப்ப மல்லி." புஷ்பம் தலையாட்டினாள்.

குழம்பு கொதிக்கும்போது ஜமீலா வந்தாள். ஷெரினுக்குக் கொடுத்தனுப்ப ஒரு பை நிறையச் சாமான் கொண்டு வந்திருந்தாள். வாசலில் நின்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தார்கள். ஷெரின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் மீனைப் போட்டாள், தேங்காயை ஊற்றினாள், இறக்கினாள்.

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தோம். ஷெரின் எங்களுக்குப் பரிமாறித் தனக்கும் போட்டுக்கொண்டாள். புஷ்பம் சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஷெரினுக்கும் தெரிந்துவிட்டது. அவள் கை அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினோம். மேடை ஓரத்தில் அந்தச் சின்னக் கிண்ணத்தில் உப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. ஷெரின் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்கப் போனாள்.

அதற்குள் புஷ்பம் பேசினாள். "அப்படியே நான் வைக்கிற மாதிரியே இருக்குடி. உப்பு, புளி எல்லாம் கணக்கா நிக்குது பாரு."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினாள். மீனை முள் பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. மகள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்ற நிறைவு அது.

ஷெரின் மெல்ல நாற்காலியை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அடுத்த கவளத்தை வாயில் வைத்தேன். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் குரலைச் சரியாக வைத்துக்கொண்டு தமிழிலேயே கேட்டாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஊத்து."

அம்மாவுக்கு ஊற்றினாள். தன் தட்டிலும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினாள். நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.